ஏற்காட்டில் மூன்று மணி நேரம் பார்த்தும் சிறுகோள் ஏன் கண்ணில் படவில்லை?

கேள்வியைச் சுருக்கினால் இதுதான். நிலவு இருக்கும் தூரத்தில் ஒரு சிறுகோள் பூமியைக் கடக்கிறது, ஒரு வீட்டளவு இருக்கும் என்று செய்தி வந்தது. நண்பர்களோடு சேலத்திலிருந்து எட்டு அங்குல டாப்சோனியன் தொலைநோக்கியை (மரப்பெட்டி மேல் வைத்துக் கையால் தள்ளித் திருப்புவது) காரில் ஏற்றிக்கொண்டு ஏற்காடு போனீர்கள். மொபைல் செயலி குறி காட்டிய இடத்தில் மூன்று மணி நேரம் மாறி மாறிக் கண்ணை வைத்தும் ஒன்றும் தெரியவில்லை. "அப்படியென்றால் சுற்றுப்பாதைக் கணக்கே தப்பா? அடுத்த தடவை நாங்களே படமெடுத்துப் பாதையைக் கணக்கிட முடியுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் கேள்விக்குப் பதில்: கணக்கு தப்பாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அந்தக் கணக்குக்கும் நீங்கள் கண்ணை வைத்துப் பார்க்கும் லென்ஸான ஐபீஸுக்கும் நடுவில் நான்கைந்து இடங்களில் வழுக்கியிருக்கலாம். இரண்டாவதற்கு: முடியும், ஆனால் டாப்சோனியனின் மரப்பெட்டி மேல் வைத்துக்கொண்டு முடியாது.

எந்தச் சிறுகோள் என்று நீங்கள் சொல்லவில்லை. எனவே செய்தியில் "வீட்டளவு" என்று எழுதப்படும் வகைக்குப் பொருந்தும் எண்களை நானே எடுத்துக்கொள்கிறேன்: தூரம் 4 லட்சம் கி.மீ., நம் பார்வைக்குக் குறுக்காக நொடிக்கு 10 கி.மீ. வேகம், தன்பொலிவு 26. தன்பொலிவு என்பது அட்டவணைகளில் வரும் ஓர் எண். அந்தப் பொருள் சூரியனிலிருந்தும் நம்மிடமிருந்தும் 15 கோடி கி.மீ. தொலைவில், முழுமுகமும் ஒளிபட நின்றால் எத்தனை மேக்னிட்யூட் பொலிவோடு தெரியும் என்பதை அது சொல்கிறது. மேக்னிட்யூட் என்பது பொலிவை அளக்கும் எண்; எண் கூடக் கூடப் பொருள் மங்கல். கோணங்களுக்குப் பஞ்சாங்கத்தில் வரும் அதே பாகை, கலை, விகலை: ஒரு பாகைக்கு 60 கலை, ஒரு கலைக்கு 60 விகலை. முழுநிலவின் அகலம் சுமார் 30 கலை.

முதலில் பொலிவைப் பார்ப்போம், ஏனென்றால் பெரும்பாலும் விஷயம் இங்கேயே முடிந்துவிடும். தன்பொலிவு 26 உள்ள கல் 4 லட்சம் கி.மீ. தூரத்தில், சூரியனுக்கு நேர் எதிர்த்திசையில் நின்றால், 13.1 மேக்னிட்யூட் வரும். ஆனால் அப்படி நேர் எதிரே நிற்பது அபூர்வம். நிலவுக்குப் பிறை இருப்பதுபோல இதற்கும் உண்டு. சூரியன், கல், நாம் மூன்றுக்கும் இடையிலான கோணம் 40 பாகை என்றால் 14.7-க்கு இறங்கும், 90 பாகை என்றால் 16-ஐத் தாண்டிவிடும். எட்டு அங்குலக் கண்ணாடியில், நல்ல இருட்டில், பழகிய கண்ணுக்குச் சுமார் 14 வரை எட்டும். ஏற்காட்டில் லேடீஸ் சீட் பக்கம் நின்றிருந்தால் கீழே சேலம் நகரத்தின் வெளிச்சம் தெற்கு, தென்மேற்கு வானத்தை வெளுக்க வைக்கும். அங்கே 13-க்கு எட்டினாலே பெரிது. போதாததற்கு, இவ்வளவு சின்னக் கற்களில் பல சில நிமிடங்களுக்கு ஒருமுறை தன்னைத்தானே சுற்றிக்கொள்கின்றன. நீள்வடிவக் கல் என்றால் பொலிவு ஒரு மேக்னிட்யூட் அளவுக்கு ஏறி இறங்கும். ஆக, குழாயைச் சரியான இடத்துக்கே திருப்பியிருந்தாலும் உங்களுக்குத் தெரிந்திருக்காது. செய்தி எழுதுகிறவர்கள் தூரத்தையும் அளவையும் போடுவார்கள், மேக்னிட்யூட்டைப் போட மாட்டார்கள். பார்க்கப் போகிறவருக்கு வேண்டியதோ அந்த ஒற்றை எண்தான். கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் 12 அல்லது அதைவிடப் பிரகாசமாக வரும் கடப்புகளுக்கு மட்டும் மலை ஏறுங்கள்.

அடுத்தது வேகம். நொடிக்கு 10 கி.மீ. என்பது 4 லட்சம் கி.மீ. தூரத்தில் நொடிக்கு ஏறத்தாழ 5 விகலை. நிமிடத்துக்கு 5 கலை, மணிக்கு 5 பாகை என்று வைத்துக்கொள்ளலாம். உங்கள் தொலைநோக்கியின் குவியத் தூரம் வழக்கமான 1200 மி.மீ. என்றும், 25 மி.மீ. ஐபீஸ் போட்டீர்கள் என்றும் கொண்டால் 48 மடங்கு உருப்பெருக்கம். வட்டத்துக்குள் தெரியும் வானம் சுமார் ஒரு பாகை. சிறுகோள் அந்த வட்டத்தை நடுவாகக் கடக்கவே 12 நிமிடம்தான் ஆகும். மூன்று மணி நேரத்தில் அது 15 பாகை நகர்ந்திருக்கும். ஆட்டோ ஸ்டாண்டிலிருந்து வண்டி கிளம்பிப் போன பிறகும் அதே இடத்தில் தேடிக்கொண்டிருந்த கதை.

மூன்றாவதுதான் அனுபவசாலிகளையே ஏமாற்றுவது: இடமாறு தோற்றம். பள்ளிப் பாடத்தில் அளவுகோலைச் சாய்ந்து பார்த்தால் அளவு மாறும் என்று படித்தது நினைவிருக்கும். கட்டைவிரலை நீட்டி ஒரு கண்ணை மூடித் திறந்தால் விரல் தாவுவதும் அதுதான். பல அட்டவணைகள் வான இடத்தைப் பூமியின் மையத்திலிருந்து பார்ப்பதாகத் தருகின்றன. நீங்கள் நிற்பது அங்கிருந்து 6,378 கி.மீ. விலகி. வியாழனுக்கோ நட்சத்திரத்துக்கோ இது பொருட்டே இல்லை. 4 லட்சம் கி.மீ. தூரத்துக் கல்லுக்கோ, அது அடிவானத்தில் இருக்கும்போது வேறுபாடு 55 கலை வரை வரும். 45 பாகை உயரத்தில் இருந்தால் 39 கலை. உங்கள் ஐபீஸ் வட்டத்தின் ஆரம் 31 கலை. அதாவது பூமி மையக் கணக்கை நம்பி வட்டத்தின் நட்டநடுவில் குறிவைத்திருந்தால், கல் வட்டத்துக்கு வெளியே போய்க்கொண்டிருந்திருக்கும். தலைக்கு நேர் மேலே இருந்தால் மட்டும் இந்தப் பிழை இல்லை. 40 ஆயிரம் கி.மீ. அளவுக்கு நெருங்கிக் கடக்கும் கல்லென்றால் வேறுபாடு 9 பாகை வரை போகும்.

நேரக் குழப்பம் சொல்லவே வேண்டாத ஒன்று, ஆனாலும் அதுதான் அடிக்கடி நடக்கிறது. அட்டவணைகள் உலக நேரத்தில் வரும். நம் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் முந்தியது. நடு இரவைத் தாண்டினால் தேதியும் மாறும். ஐந்தரை மணி நேரப் பிழைக்கு மேற்படி கல் 28 பாகை தள்ளியிருக்கும்.

இனி செயலி. பெரும்பாலான வானவரைபடச் செயலிகள் சிறுகோளின் பாதையை ஆறு எண்களாக வைத்திருக்கும்: நீள்வட்டத்தின் அளவு, அது எவ்வளவு நீண்டது, எவ்வளவு சாய்ந்தது, எந்தத் திசையில் திரும்பியது என்பவற்றோடு, ஒரு குறிப்பிட்ட நாளில் கல் அதில் எங்கே இருந்தது என்பதும். அந்த நாளிலிருந்து சூரியனின் ஈர்ப்பை மட்டும் கொண்டு கணக்கை முன்னோக்கி ஓட்டும். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சுற்றும் சிறுகோளுக்கு இது போதும். பூமியை உரசிப் போகிற கல்லுக்குப் போதாது, ஏனென்றால் பூமியின் ஈர்ப்பே அந்த நீள்வட்டத்தை வளைத்துக்கொண்டிருக்கிறது. எண்கள் மூன்று மாதம் பழையவை என்றால் சில ஆயிரம் கி.மீ. விலகல் வருவது சாதாரணம். 4 லட்சம் கி.மீ. தூரத்தில் 4,000 கி.மீ. விலகல் என்றால் அரைப் பாகைக்கு மேல், அதாவது ஒரு முழுநிலவு அகலம். பூமி எவ்வளவு வளைக்கும் என்பதற்கு நல்ல சாட்சி 2012 டி.ஏ.14 என்ற கல். 2013 பிப்ரவரி 15 அன்று தரையிலிருந்து சுமார் 27,700 கி.மீ. உயரத்தில் கடந்தது. கடப்பதற்கு முன் அதன் சுற்றுக்காலம் ஏறக்குறைய நம் ஓர் ஆண்டு. கடந்த பிறகு சுமார் 317 நாள். ஒரே மாலையில் பழைய நீள்வட்டம் செல்லாக்காசு. (அதே நாள் காலையில் ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகரத்துக்கு மேலே வெடித்த கல் இதோடு சேர்ந்தது இல்லை. இரண்டும் வந்த திசையே வேறு.)

அடுத்த தடவைக்குச் செய்ய வேண்டியது இது. செயலியை ஓரமாக வைத்துவிட்டு, நாசாவின் ஜே.பி.எல். ஆய்வகம் நடத்தும் ஹொரைசன்ஸ் இணையச் சேவைக்குப் போங்கள்; இலவசம். சிறுகோளின் பெயரைக் கொடுத்ததும், பார்க்கும் இடமாகப் பூமியின் மையத்தை அதுவே எடுத்துக்கொண்டிருக்கும். அதை மாற்றாமல் விடுவதுதான் முதல் தப்பு. கிழக்குத் தீர்க்கரேகை 78.21, வடக்கு அட்சரேகை 11.78, உயரம் 1.5 என்று கொடுங்கள். உயரம் கிலோமீட்டரில். மலையின் உயரம் 1500 மீட்டர் என்ற நினைப்பில் 1500 என்று அடித்தால் உங்களை ஏற்காட்டுக்கு மேலே விண்வெளியில் நிறுத்திவிடும், கல்லின் இடமும் 13 கலை வரை பிசகும். நேர இடைவெளி ஒரு நிமிடம். வெளியீட்டில் வான இடம், அடிவானத்திலிருந்து உயரம், கோண வேகம், மேக்னிட்யூட், தூரம் ஆகியவற்றோடு இடப்பிழை எவ்வளவு என்பதையும் கேளுங்கள். கடைசியில் சொன்னதை யாரும் கேட்பதில்லை. பிழை சில விகலை என்றால் நிம்மதியாகப் போகலாம். சில பாகை என்றால் அந்தக் கல்லை விட்டுவிடுங்கள், அதன் பாதை இன்னும் உறுதிப்படவில்லை. கடப்புக்கு ஒரு வாரம் முன்பு எடுத்த அட்டவணையை வைத்துக்கொள்ளாமல், கிளம்பும் அன்று மதியம் மறுபடி எடுங்கள். புதிதாகக் கண்டுபிடித்த கல்லுக்கு அந்த ஒரு வாரத்தில் நிறைய அளவீடு சேர்ந்திருக்கும்.

அட்டவணையிலிருந்து ஒரு பதினைந்து நிமிட நீளத்துக்கு நட்சத்திர வரைபடம் போட்டு, பாதை மேல் ஒவ்வொரு நிமிடத்துக்கும் புள்ளி வைத்து, இந்திய நேரத்தைப் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். டாப்சோனியனில் காட்சி 180 பாகை சுழன்று தெரியும், கண்ணாடி பிம்பம்போல இடவலம் மட்டும் மாறுவதில்லை; ஆகவே தாளைத் தலைகீழாகப் பிடித்தால் போதும். கல்லைத் துரத்தாதீர்கள். பத்து நிமிடம் கழித்து அது எந்த அடையாள நட்சத்திரத்தின் பக்கத்தில் வரும் என்று பார்த்து, அங்கே போய்க் காத்திருங்கள். டாப்சோனியன் தானாக வானத்தைப் பின்தொடராது, எனவே அந்த நட்சத்திரக் கூட்டத்தை வட்டத்தின் நடுவிலேயே வைக்க மெல்லத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். நட்சத்திரங்களின் ஊடே ஒரு புள்ளி மட்டும் நிமிடத்துக்கு நிமிடம் இடம் மாறினால் அதுதான். இங்கே ஒரு பொறி உண்டு: தள்ளாமல் விட்டு நட்சத்திரங்கள் நழுவும்போது ஒரு புள்ளி மட்டும் அசையாமல் நின்றால், மகிழ வேண்டாம், அது புவிநிலைச் செயற்கைக்கோள். நம் அட்சரேகையிலிருந்து பார்த்தால் அவை வான நடுக்கோட்டுக்குச் சுமார் 2 பாகை தெற்கே வரிசையாக நிற்கும். கண்மூடித் திறப்பதற்குள் வட்டத்தைக் கடந்து ஓடுவது தாழ்வாகச் சுற்றும் செயற்கைக்கோள்.

இடத்தைப் பற்றிச் சில வார்த்தை. கல் தெற்கே தாழ்வாக வருமென்றால் ஏற்காடே சரியான இடம் இல்லை, சேலத்து வெளிச்சம் நேராக அந்தப் பக்கம்தான். வடக்கு, கிழக்கு என்றால் பகோடா பாயிண்ட் பக்கமோ, சேர்வராயன் கோயில் மேட்டுப் பக்கமோ நல்லது. காப்பித் தோட்டங்களுக்கு நடுவே இடம் பார்த்தால் சில்வர் ஓக் மரங்கள் முப்பது பாகை உயரம் வரை மறைக்கும். பகலிலேயே போய் நின்று பார்த்துவிட வேண்டும். கீழே வெயிலில் இருந்த கண்ணாடியை மேலே கொண்டுபோனதும் பார்க்காதீர்கள், குளிர ஒரு மணி நேரம் கொடுங்கள். நள்ளிரவுக்கு மேல் பனி இறங்கினால் முதலில் ஐபீஸும் சிறிய கண்ணாடியும் வியர்க்கும். துணியால் துடைத்தால் பூச்சு கெடும். 12 வோல்ட் ஹேர் டிரையரில் லேசாகச் சூடு காட்டினால் போதும். மேகம் மலையேறி வந்துவிட்டால் செய்வதற்கு ஒன்றுமில்லை.

இனி இரண்டாவது கேள்வி. படமெடுக்க, நட்சத்திரங்களைப் பின்தொடரும் மோட்டார் வைத்த ஈக்வடோரியல் மவுண்ட் என்ற தாங்கி வேண்டும். அது இல்லாவிட்டால் வானம் நொடிக்கு 15 விகலை நழுவும்; 0.2 நொடிக்கு மேல் எக்ஸ்போஷர் கொடுத்தாலே நட்சத்திரம் கோடாகிவிடும். மவுண்ட் இருந்தால் நட்சத்திரம் நிற்கும், கல் ஓடும். காற்றின் நடுக்கத்தால் நட்சத்திரப் புள்ளியின் அகலம் எப்படியும் 3 விகலை இருக்கும். எனவே கல் ஓர் எக்ஸ்போஷரில் 3 விகலைக்கு மேல் நகராதபடி நேரம் கொடுக்க வேண்டும்: நம் எடுத்துக்காட்டுக் கல்லுக்கு 0.5 அல்லது 0.6 நொடி, பத்து மடங்கு தூரத்தில் கடப்பதற்கு 6 நொடி. இதைவிட நீட்டினால் கல்லின் ஒளி ஒரு கோட்டில் பரவி மங்கிவிடும். எக்ஸ்போஷரைக் கூட்டினால் அதிகம் தெரியும் என்ற வழக்கமான பாடம் இங்கே தலைகீழ். மங்கலை ஈடுகட்ட வழி, நூறு படம் எடுத்து, கல்லின் கணித்த வேகத்துக்கு ஏற்ப ஒவ்வொன்றையும் நகர்த்தி அடுக்குவது. நூறு படம் அடுக்கினால் ஏறத்தாழ 2.5 மேக்னிட்யூட் கூடுதலாக எட்டலாம். டைக்கோ டிராக்கர், அஸ்ட்ரோமெட்ரிகா போன்ற மென்பொருள்கள் இதைச் செய்யும். பிக்சல் 3.76 மைக்ரான், குவியத் தூரம் 1200 மி.மீ. என்றால் ஒரு பிக்சல் 0.65 விகலை, இது தேவைக்கும் அதிகமான நுணுக்கம், இரண்டுக்கிரண்டாகச் சேர்த்து எடுக்கலாம்.

படத்திலுள்ள நட்சத்திரங்களைக் காயா விண்மீன் பட்டியலோடு பொருத்தி மென்பொருள் கல்லின் இடத்தைச் சொல்லிவிடும், அரை விகலைத் துல்லியம் வருவது கடினமில்லை. கெடுப்பது கடிகாரம். நொடிக்கு 5 விகலை ஓடும் கல்லை அரை விகலைக்கு அளக்க வேண்டுமென்றால் நேரம் பத்தில் ஒரு நொடிக்குச் சரியாக இருக்க வேண்டும். மலைமேல் இணையம் இல்லாமல் விட்ட லேப்டாப் ஓரிரு நாளில் ஒரு நொடிக்கு மேலேயே பிசகலாம். ஜி.பி.எஸ். நேரக் கருவியைச் சொருகுங்கள், அல்லது மொபைல் இணையத்தில் வேலை தொடங்கும் முன்பும் முடிந்த பின்பும் நேரத்தைச் சரிபாருங்கள். கோப்பில் பதிவாகும் நேரம் எக்ஸ்போஷர் தொடங்கியதா, நடுவா, முடிந்ததா என்று கேமரா மென்பொருளில் தெரிந்துகொள்ளுங்கள். கணக்குக்கு வேண்டியது நடு நேரம். சோதித்துப் பார்க்க ஒரு நல்ல வழி, ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களையே படமெடுத்து அளப்பது. அவை நட்சத்திரங்களின் ஊடே நொடிக்கு 30 விகலை அளவில் ஓடும்; அவற்றின் இடம் மிகத் துல்லியமாகத் தெரியும். உங்கள் அளவீடு எப்போதும் ஓட்டத் திசையிலேயே 3 விகலை முந்தியோ பிந்தியோ வந்தால், உங்கள் கடிகாரம் 0.1 நொடி பிசகு. குறுக்குத் திசையிலும் பிழை வந்தால் கடிகாரத்தை நோக வேண்டாம், நட்சத்திரப் பொருத்தம்தான் கெட்டிருக்கிறது.

பாதைக் கணக்கு இப்படி. தெரியாத எண்கள் ஆறு. ஓர் அளவீடு இரண்டு கோணங்களைத் தரும். எனவே மூன்று அளவீடு இருந்தால் ஆறு சமன்பாடு, ஒரு நீள்வட்டம் வந்துவிடும். 1801 ஜனவரி 1 அன்று பியாட்சி என்ற வானியலாளர் கண்டுபிடித்து, பிறகு சூரிய ஒளிக்குள் தொலைந்துபோன சீரிஸ் என்ற சிறுகோளை, கையிலிருந்த கொஞ்ச நாள் அளவீடுகளிலிருந்து கணித மேதை காஸ் கணக்கிட்டுக் கொடுத்த இடத்தில்தான் அந்த ஆண்டின் கடைசி நாளில் மறுபடி பிடித்தார்கள். ஃபைண்ட் ஆர்ப் என்ற இலவச மென்பொருளில் உங்கள் மூன்று அளவீட்டைக் கொடுத்தால் நொடியில் விடை வரும், எச்சப் பிழை (கணக்கிட்ட பாதைக்கும் உங்கள் அளவீட்டுக்கும் உள்ள வித்தியாசம்) பூஜ்யம் என்றும் காட்டும். அதைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஒரே கோட்டில் இல்லாத எந்த மூன்று புள்ளி வழியாகவும் ஒரு வட்டம் போட்டுவிடலாம். நாலாவது புள்ளி அந்த வட்டத்தில் விழுகிறதா என்பதில்தான் சேதி இருக்கிறது. குறைந்தது பன்னிரண்டு அளவீடு, மூன்று நான்கு மணி நேரத்துக்குப் பரப்பி எடுங்கள். மறுநாள் இரவும் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. கணக்கில் பூமி, நிலவு ஈர்ப்பைச் சேர்க்கும் விருப்பத்தை மறக்காமல் போடுங்கள்.

ஒரே இரவு அளவீட்டில் வான இடமும் ஓடும் வேகமும் நன்றாகத் தெரியும். கல் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, நம்மை நோக்கி வருகிறதா விலகுகிறதா என்பது சரியாகத் தெரியாது. பக்கத்தில் மெல்லப் போவதும் தூரத்தில் விரைந்து போவதும் படத்தில் ஒன்றுபோலத்தான் இருக்கும். இதை உடைக்க நெருங்கிக் கடக்கும் கல்லுக்கு மட்டும் ஒரு வசதி உண்டு. ஏற்காட்டின் அட்சரேகையில் பூமி உங்களை நொடிக்கு 455 மீட்டர் சுமந்துகொண்டு போகிறது. ஒரு மணி நேரத்தில் 1,640 கி.மீ. நகர்ந்துவிடுகிறீர்கள். இடமாறு தோற்றத்தால் கல்லின் பாதையில் ஒரு சிறு வளைவு விழும், அந்த வளைவில் தூரம் ஒளிந்திருக்கிறது. உங்களைக் குழப்பிய அதே இடமாறு தோற்றம் இங்கே அளவுகோலாகிவிடுகிறது.

இதையே இரண்டு தொலைநோக்கி வைத்தும் செய்யலாம், ஒரு நண்பர் வட்டத்துக்கு நல்ல வேலை இது. ஒருவர் லேடீஸ் சீட்டில், இன்னொருவர் சேலம் ஜங்ஷன் பக்கம் ஒரு மொட்டைமாடியில். கொண்டை ஊசி வளைவுகளையெல்லாம் விட்டுவிட்டு நேர்கோட்டில் பார்த்தால் இடைவெளி சுமார் 14 கி.மீ. ஒரே நொடியில் இருவரும் எடுத்த படத்தில், 4 லட்சம் கி.மீ. தூரத்துக் கல் 7 விகலை வரை தள்ளித் தெரியும், மேலே சொன்ன கேமராவில் 11 பிக்சல். ஒவ்வொருவரும் அரை விகலைக்கு அளந்தால் தூரம் பத்து சதவீதப் பிழைக்குள் கிடைக்கும், வெறும் கோணக் கணக்கில். பெங்களூரில் ஒருவர் சேர்ந்தால் இடைவெளி 150 கி.மீ.யைத் தாண்டும், பிழை பத்தில் ஒரு பங்காகும். நேரம் ஒத்துப்போகாவிட்டால் எல்லாம் வீண்: இருவரின் கடிகாரத்துக்கும் ஒரு நொடி வித்தியாசம் என்றால், கல்லின் ஓட்டம் 5 விகலையை அதுவே சேர்த்துவிடும்.

எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சில வாரமாகப் பல இடங்களிலிருந்து அளக்கப்பட்ட கல்லென்றால் கடக்கும் நேரமும் தூரமும் நம்பலாம். அளவை நம்ப வேண்டாம். தன்பொலிவு 26 என்றால் கல்லின் மேற்பரப்பு வெளிறியதாக இருந்தால் 17 மீட்டர், கரிபோல இருந்தால் 37 மீட்டர். "22 மீட்டர்" என்று செய்தியில் வருவது நடுவாந்திர ஊகம். எதிர்காலப் பாதையும் அப்படியே. நீள்வட்டத்தின் அரைப்பேரச்சில், அதாவது அதன் நீளத்தில் பாதியில், 1,000 கி.மீ. பிழை இருந்தால், சூரியனை ஒருமுறை சுற்றி வரும்போது கல் பாதை நெடுகச் சுமார் 9,400 கி.மீ. முன்போ பின்போ இருக்கும், சுற்றுக்குச் சுற்று அது கூடிக்கொண்டே போகும். பாதை எவ்வளவு உறுதி என்பதற்கு 0 முதல் 9 வரை ஒரு குறியெண் போடுகிறார்கள்: 0 என்றால் பத்தாண்டில் ஒரு விகலைக்குள் பிழை, 9 என்றால் 40 பாகைக்கு மேல். உங்கள் ஓர் இரவு அளவீட்டை மட்டும் வைத்துப் போட்ட பாதை இந்த 9-ஐச் சேர்ந்ததாகத்தான் இருக்கும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

"கணக்கே தப்பா" என்ற சந்தேகம் பலருக்கு வந்தது 2024 ஒய்.ஆர்.4 சமயத்தில். 2024 டிசம்பர் 27 அன்று சிலியிலுள்ள அட்லஸ் தொலைநோக்கி கண்ட கல் அது. 2032 டிசம்பர் 22-ல் பூமியில் மோதும் வாய்ப்பு ஒரு சதவீதம் என்றார்கள், 2025 பிப்ரவரி 18-ல் 3.1 வரை ஏறியது, விழக்கூடிய பட்டையில் இந்தியாவும் வந்தது, அடுத்த ஒரே வாரத்தில் ஏறக்குறைய பூஜ்யமானது. அப்போது பலரும் நினைத்ததுபோல யாரும் கணக்கை மாற்றிப் பேசவில்லை. அன்றைய தினம் கல் இருக்கக்கூடிய இடங்களை ஒரு நீண்ட பட்டையாக நினைத்துக்கொள்ளுங்கள். பட்டையின் நீளம் 13 லட்சம் கி.மீ. என்றால், 12,742 கி.மீ. அகலப் பூமி அதில் ஒரு சதவீதம். அளவீடு சேரச் சேரப் பட்டை சுருங்கி 4 லட்சமாகும்போதும் பூமி உள்ளேயே இருந்தால் பங்கு 3 சதவீதமாக ஏறும். இன்னும் சுருங்கி, பூமி பட்டையின் முனைக்கு வெளியே போனதும் சடாரென்று விழும். எண்கள் புரிவதற்காக நான் எளிமையாக்கியவை, பட்டை முழுக்க வாய்ப்பு சமமாக இருக்காது. ஏறி விழும் காரணம் மட்டும் இதுதான்.

உங்கள் அளவீடு உலகக் கணக்கில் சேர வேண்டுமென்றால் உலகெங்குமுள்ள சிறுகோள் அளவீடுகளைத் திரட்டும் மைனர் பிளானட் சென்டரிடமிருந்து நிலையக் குறியீடு வாங்க வேண்டும். ஏற்கெனவே எண்ணிடப்பட்ட சில சிறுகோள்களைக் குறைந்தது இரண்டு இரவுகள் அளந்து அனுப்பி, ஒரு விகலைக்குள் சரியாக இருப்பதாகக் காட்டினால் தருவார்கள். ஒரே இடத்தில் நிலையாக அளக்க வேண்டும் என்பதால் இதற்கு ஏற்காட்டைவிடச் சொந்த மொட்டைமாடி வசதி. 15 மேக்னிட்யூட் வரை நகர வெளிச்சத்திலும் கேமரா பிடித்துவிடும். நம் பக்கத்துக்கு இது புதிதும் இல்லை. ஏற்காட்டிலிருந்து நேர்கோட்டில் 110 கி.மீ. தள்ளி, ஜவ்வாது மலையிலுள்ள காவலூரில், கல்கி திட்டம் என்ற பெயரில் ஷ்மிட் வகைத் தொலைநோக்கியைக் கொண்டு வானியலாளர் ராஜமோகன் குழுவினர் சிறுகோள் தேடினார்கள். 1988-ல் அங்கே கிடைத்த ஒன்றுதான் 4130 ராமானுஜன்.

டாப்சோனியனை விற்றுவிட வேண்டாம். 2029 ஏப்ரல் 14 விடியற்காலை, இந்திய நேரம் 3.16 அளவில், சுமார் 340 மீட்டர் அளவுள்ள அபோஃபிஸ் என்ற சிறுகோள் தரையிலிருந்து 32 ஆயிரம் கி.மீ. உயரத்தில் கடக்கிறது. அது மோதாது, 2021 ரேடார் அளவீடுகளுக்குப் பிறகு குறைந்தது நூறு ஆண்டுக்கு அந்தப் பேச்சே இல்லை. உச்சத்தில் 3 மேக்னிட்யூட், வெறுங்கண்ணுக்கே தெரியும். ஆனால் மிக நெருங்கும் அந்த நொடியில் அது அட்லாண்டிக் கடலுக்கு மேலே இருக்கும், நமக்கு அதற்கு முந்தைய மணி நேரங்கள்தான். அமாவாசை இரவு, விடிந்தால் சித்திரை ஒன்று, விடுமுறை. ஏற்காட்டில் இடம் பிடிப்பதே கஷ்டமாக இருக்கும். ஹொரைசன்ஸில் கொடுக்க வேண்டியது மறக்க வேண்டாம்: 78.21, 11.78, 1.5.